அனுப்புவதா, வைத்துக்கொள்வதா

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி பார்க்கும் டாக்டருக்கு அதிகம் எழாத ஒரு கேள்வி, மலையடிவாரத்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நோயாளியோடும் கூடவே உள்ளே வருகிறது. இவரை இங்கேயே வைத்துக்கொள்வதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா? நோய் இன்னதென்று பெரும்பாலும் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு என்ன மருந்து என்பதும் தெரிந்ததுதான். தெரியாதவை வேறு: சாலை எப்படி இருக்கிறது, ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறதா, அந்தக் குடும்பத்தின் மடியில் எவ்வளவு பணம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் படுக்கை கிடைக்குமா. இத்தனையையும் கூட்டிக் கழித்து, நோயாளி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

நான் வேலூரில் படித்தவள். திருச்சபை சார்பில் அங்கே இடம் பெறுகிறவர்களுக்கு, படிப்பு முடிந்ததும் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு ஆண்டு வேலை செய்யும் கடப்பாடு உண்டு. எனக்கு வாய்த்தது தென் ஒடிசா, ராயகடா மாவட்டம். நியாம்கிரி மலைத்தொடரைச் சுற்றிய கோந்த் பழங்குடி ஊர்கள். இப்போது நான் திருநெல்வேலிப் பக்கம் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். ஆனாலும் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் விடுப்பில் போனால், மழைக்காலத்தில் சில வாரம் அவர்கள் இடத்தில் நின்று பார்க்கப் போவேன். மழை என்றால் மலேரியா, மழை என்றால் பாம்பு. நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும் நடுவில் வந்து விழும் பிரசவங்களும் அப்போதுதான் அதிகம்போல எனக்குத் தோன்றும். விடுப்பு எடுக்க மிக மோசமான காலம் அதுதான். ஆனால் டாக்டர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, கல்யாணங்கள் உண்டு, வயதான பெற்றோர் உண்டு.

நான் சொல்லப்போகும் இரவு ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. மகப்பேறு மருத்துவர் ஊரில் இல்லை. அவர் இடத்தில் நான். எனக்கு மேலே இரண்டாவது அழைப்புக்கு, வளாகத்திலேயே குடியிருக்கும் அறுவை மருத்துவர் ஒருவர். அவ்வளவுதான்.

மாலை ஐந்து மணிக்குப் பொறுப்பை வாங்கிக்கொள்ளும்போது நான் நோயாளிகளைப் பற்றிக் கேட்பதற்கு முன்பு வேறு சிலவற்றைக் கேட்பேன். நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை? பாம்புக்கடி மருந்து எத்தனை குப்பி? ஃபிரிட்ஜில் எந்தெந்த குரூப் ரத்தம்? ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா? ஆம்புலன்ஸ் டிரைவர் வீட்டில்தான் இருக்கிறாரா? வெண்டிலேட்டரில் யார் இருக்கிறார்கள்? அன்றைக்கு வெண்டிலேட்டரில் பூச்சிமருந்து குடித்த ஒரு பெண். இருந்தது அந்த ஒன்றுதான். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் தாளைப் பார்க்காமல் பதில் சொன்னவர் இரவு சிஸ்டர். ஐம்பதைத் தாண்டியவர், அதே ஆஸ்பத்திரியின் நர்ஸிங் பள்ளியில் படித்தவர். எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. ஒடியா, இந்தி, கூவி மூன்றும் பேசுவார். மலையிலிருந்து வரும் கோந்த் பெண் கூவியில் சொல்வதை அவர் கேட்டு எனக்கு இந்தியில் சொல்ல, என் கேள்வி அதே வழியாகத் திரும்பிப் போகும். அந்த வழியில் அவர் தானாக ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டுவிடுவதும் உண்டு. பெரும்பாலும் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியாக அது இருக்கும்.

முதலில் வந்தது இரண்டரை வயதுக் குழந்தை. நான்கு நாள் காய்ச்சல், அன்று மதியத்திலிருந்து நினைவில்லை. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே காகிதம்போல வெளுத்திருந்தது. மலேரியா பரிசோதனைப் பட்டையில் ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகைக்கான கோடு சில நிமிடத்தில் எழும்பிவிட்டது. ஹீமோகுளோபின் 3.4. மூளை மலேரியாவில் மருந்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரை. கிருமியும் தின்கிறது, சாப்பிடாத குழந்தையின் ஈரலிலும் கையிருப்பு தீர்ந்திருக்கும். மீட்டர் 38 காட்டியது. சர்க்கரைத் தண்ணீர் நரம்பில் ஏறிய சிறிது நேரத்தில் குழந்தை முனகியது. அந்த முனகலைக் கேட்டதும் அதன் தாய் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆர்ட்டிசுனேட் ஒரு நல்ல மருந்து. 2005-ல் ஆசிய நாடுகளிலும் 2010-ல் ஆப்பிரிக்காவிலும் முடிந்த பெரிய ஆய்வுகள், கடுமையான மலேரியாவில் அது குயினைனைவிட அதிக உயிர்களைக் காக்கிறது என்று காட்டின. பொடியாக வரும். அதை முதலில் சோடியம் பைகார்பனேட்டில் கரைத்து, தெளிந்த பிறகு சலைன் சேர்க்க வேண்டும். 20 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம். உடனே ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24-ல் ஒன்று. இதைச் செய்ய மருத்துவக் கல்லூரி வேண்டியதில்லை. ரத்தம் மட்டும்தான் கேள்வி. ஃபிரிட்ஜில் ஓ பாசிட்டிவ் இரண்டு பை. குழந்தையும் ஓ பாசிட்டிவ். லேப் டெக்னீஷியன் ஒரு பையைப் பொருத்தம் பார்த்துக் கையில் எடுத்துக்கொண்டே கேட்டார், "இன்னொன்னையும் குழந்தை பேருக்கே எழுதிடவா மேடம்?"

வேண்டாம் என்றேன். அதை லேபர் ரூமுக்கு என்று வைத்தேன். பத்துக் கிலோக் குழந்தைக்கு அந்த இரவில் ஒரு பையே தாராளம். பிரசவ வார்டுள்ள ஆஸ்பத்திரியில், ரத்த வங்கி இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும்போது, ஓ பாசிட்டிவ் ஒரு பைகூட இல்லாமல் இரவைத் தொடங்குவது எனக்குச் சம்மதமில்லை. அப்போது லேபர் ரூமில் ரத்தம் தேவைப்படும் யாரும் இல்லை.

ஒன்பதரை மணிக்கு வந்தாள். தலைப்பிரசவம், எட்டு மாதம், பத்தொன்பது வயது. வீட்டில் ஒருமுறை, துணைச் சுகாதார நிலையத்தில் ஒருமுறை வலிப்பு. நம் ஊரில் பாட்டிமார்கள் ஜன்னி என்பார்களே, அது. முகமும் கைகளும் உப்பியிருந்தன. பி.பி. 180-க்கு 120. கூடவே அவள் ஊர்ச் சுகாதாரப் பணியாளரான ஆஷா வந்திருந்தார். நனையாமல் பாலித்தீன் பையில் சுற்றி எடுத்து வந்த ஒரு சீட்டை நீட்டினார். அந்தச் சீட்டை நான் இன்னும் மறக்கவில்லை. துணை நிலையத்து நர்ஸ் எழுதியது. மாலை 7.10-க்கு மேக்னீசியம் சல்பேட், இரு பிட்டத்திலும் தலா 5 கிராம் போட்டாயிற்று, வலிப்பு வந்த நேரம், அப்போதைய பி.பி.; சிறுநீரில் புரதம். நான்கே வரி.

எக்லாம்ப்சியா என்ற இந்தக் கர்ப்பகால வலிப்பில் மேக்னீசியம் சல்பேட்டுக்கு இணையான மருந்து இல்லை என்பது 1995-ல் பல நாடுகள் சேர்ந்து நடத்திய ஆய்வில் நிலைநாட்டப்பட்டது. அதற்கு முன்பு டயசிபாம், ஃபெனிடோயின் என்று ஆளுக்கொன்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த மருந்தின் விலை மிகக் குறைவு. முதல் தவணை முழுசாக 14 கிராம்: நரம்பில் 4, தசையில் 10. தசையில் போட வேண்டியதை அந்த நர்ஸ் போட்டுவிட்டதால் நாங்கள் நரம்பு ஊசியை மட்டும் மெல்ல ஏற்றினோம். அவர் நேரம் எழுதாமல் விட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? மறுபடி முழுத் தவணை கொடுத்தால் மூச்சு நின்றுபோகும் அபாயம். கொடுக்காவிட்டால் மறுபடி வலிப்பு. ஒரு நோயாளியை அனுப்புவது என்றால் இப்படி அனுப்ப வேண்டும். செய்யக் கூடியதைச் செய்து, செய்ததை எழுதி, ஆள் துணையோடு.

மேக்னீசியம் கொடுத்த பெண்ணின் பக்கத்தில் மானிட்டரைவிட முழங்கால் தட்டும் சுத்தியல் முக்கியம். அடுத்த தவணைக்கு முன்பு தீதி மூன்றைப் பார்ப்பார்: முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, நான்கு மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லிக்குக் குறையாமல் வந்திருக்கிறதா. மருந்து அளவு மீறினால் முதலில் போவது அந்தத் துள்ளல்தான். மூச்சு அதற்குப் பிறகுதான் போகும். அதனால் எச்சரிக்கை முழங்காலில் கிடைக்கிறது. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைச் சிரிஞ்சோடு அவள் தலைமாட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருந்தார். யாரும் ஓடிப்போய்த் தேட வேண்டியதில்லை.

இவளை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. கோராபுட் மருத்துவக் கல்லூரிக்கு மலைப்பாதையில் இரவில் பல மணி நேரம். விசாகப்பட்டினம் அதையும் தாண்டி. வழியில் வலிப்பு வந்தால், நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் போனால், ஆம்புலன்ஸில் எதுவும் செய்ய முடியாது. எங்களிடம் தியேட்டர் இருக்கிறது. பி.பி.யை லேபெட்டலாலில் இறக்கி, வலிப்பு அடங்கி அவள் பெயர் சொல்லி அழைத்தால் கண் திறக்கும் நிலைக்கு வந்ததும் சிசேரியனுக்கு எடுத்தோம். பிள்ளை ஒன்றே முக்கால் கிலோ, பெண். பிறந்ததும் சோர்ந்து கிடந்து, ஆம்பு பேக்கில் சில முறை காற்று அடித்ததும் அழுதது.

மேக்னீசியத்துக்கு ஒரு குணம் உண்டு. வலிப்பை அடக்குவதுபோலவே கர்ப்பப்பையையும் தளர்த்தும். இறுகிக் கல்லாக வேண்டிய கர்ப்பப்பை என் கையில் ஈரத்துணிபோல் இருந்தது. ஆக்சிடோசின், நாக்கின் அடியில் மிசோப்ரோஸ்டால், டிரானெக்ஸாமிக் ஆசிட், கையால் விடாமல் பிசைதல். ரத்தம் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளும் ஓ பாசிட்டிவ். லேபர் ரூமுக்கென்று வைத்த பை ஏறியது.

தியேட்டரிலிருந்து நான் வெளியே வரும்போது வாசலில் பைக் விபத்து. கல்யாண வீட்டுக்குப் போய்த் திரும்பிய இருபத்திரண்டு வயதுப் பையன், ஹெல்மெட் இல்லை. முதலில் பேசிக்கொண்டிருந்தானாம், வரவரப் பேச்சு குழறி நின்றுவிட்டதாம். இந்தக் கதை எந்த டாக்டரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் தேங்கி மூளையை அழுத்துகிறது. வலது கண்மணி இடதைவிடப் பெரிதாக, வெளிச்சத்துக்கு மந்தமாகச் சுருங்கியது. எங்களிடம் சி.டி. ஸ்கேன் இல்லை. அறுவை மருத்துவரை எழுப்பினேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். மண்டையில் துளை போட அவருக்குத் தெரியும். வேறு வழியே இல்லாத இரவுகளில் போட்டும் இருக்கிறார்.

"கண்மணி இன்னும் சுருங்குது. நேரம் இருக்கு. அனுப்பலாம்" என்றார்.

நானும் அதையே நினைத்தேன். ஆனால் அனுப்புவது என்ற வார்த்தை அந்தக் குடும்பத்துக்கு என்ன பொருள் தரும் என்பது எனக்குத் தெரியும். 2016-ல் பக்கத்துக் காலஹண்டி மாவட்டத்தில், ஆஸ்பத்திரியில் இறந்த மனைவியின் உடலைக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல் ஒருவர் தோளில் சுமந்து பல கிலோமீட்டர் நடந்தார், கூடவே மகள் அழுதுகொண்டு நடந்தாள். அந்தப் படத்தை நாடே பார்த்தது. மாநில அரசு அதே ஆண்டு இலவச அமரர் ஊர்தித் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் மலை ஊர்களில் அந்த நினைவு போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஊரைவிட்டு வெகுதூரத்தில், மொழி தெரியாத இடத்தில் உயிர் போய்விடுமோ, உடலை எப்படிக் கொண்டுவருவது என்ற பயம்தான் முதலில் வருகிறது. அந்தப் பயத்தை அறியாமை என்று சொல்லும் டாக்டர்களோடு நான் சண்டை போட்டிருக்கிறேன். அது அனுபவத்திலிருந்து வந்த கணக்கு.

பையனின் அண்ணன் கேட்டது அதைத்தான். "போற வழியில ஏதாச்சும் ஆயிட்டா?"

ஆகலாம் என்றேன். இங்கே இருந்தால் காலைக்குள் ஆவது ஏறக்குறைய நிச்சயம், அங்கே போனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றும் சொன்னேன். தீதி அதைக் கூவியில் சொல்லும்போது என்னைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். ஆண்கள் தனியே போய்ப் பேசிவிட்டு வந்து சம்மதித்தார்கள்.

துணை நிலையத்து நர்ஸின் சீட்டு என் மேசையில் இருந்தது. அதே முறையில் நாங்களும் அனுப்பினோம். வழியில் மூச்சு நிற்காதிருக்கக் குழாய் போட்டோம். மூளை அழுத்தம் குறைய மேனிட்டால் ஏற்றி, நேரம் எழுதினோம். கோராபுட்டில் ட்யூட்டியில் இருந்த டாக்டரோடு போனில் பேசி அவர் பெயரைச் சீட்டில் எழுதினேன். பெயர் இருந்தால் குடும்பம் வாசலில் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்காது. எங்கள் ஆண் நர்ஸ் ஒருவர் ஆம்பு பேக்கோடு ஏறினார். நாகாவளி ஆற்றில் போய்ச் சேரும் ஓடை ஒன்று வழியில் உண்டு. பெருகினால் வண்டி நிற்கும். டிரைவர் அந்தக் கரை ஊரில் இருக்கும் மைத்துனருக்குப் போன் போட்டு, முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் என்று தெரிந்த பிறகே கிளம்பினார்.

இளம் டாக்டர்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது: ரெஃபர் பண்ணிட்டா நம்ம தலைக்கு வராது. இதை நான் வெறுக்கிறேன். கேஸ் நம் தலையைவிட்டுப் போகலாம். நோயாளி எங்கே போகிறார்? இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறும் உண்டு. மிஷன் ஆஸ்பத்திரிகளில் அது அதிகம். எதையும் நாமே பார்த்துவிடலாம் என்ற பெருமை. தியாகத்தின் உடையில் வருவதால் அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. தன்னிடம் இல்லாத ஒன்று அடுத்த ஆஸ்பத்திரியில் இருந்து, நோயாளி அதுவரை தாங்குவார் என்றால் அனுப்ப வேண்டும். அங்கே இருப்பதெல்லாம் இங்கேயும் இருக்கிறது, பயணம் மட்டும்தான் கூடுதல் என்றால் வைத்துக்கொள்ள வேண்டும். எழுதும்போது எளிது. மூன்றரை மணிக்கு ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வரும்போது அவ்வளவு எளிதில்லை.

பதினோரு வயதுப் பையன். ஒரு மணிவாக்கில் வயிற்றுவலி என்று எழுந்தானாம். பிறகு வாந்தி. வீட்டார் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தார்கள். உடம்பில் எங்கும் கடித்தடம் இல்லை, வீக்கமில்லை, வலியில்லை. நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோதே தீதி தந்தையிடம் கேட்டுவிட்டார், "தரையிலயா படுத்திருந்தான்?"

தரையில்தான்.

கட்டுவிரியன் அப்படித்தான். இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும். தரையில் தூங்குகிறவர் புரளும்போது கடிக்கும். பல் மிகச் சிறியது, தடம் தெரியாது, எரிச்சலும் இருக்காது. பலர் விழிப்பதே இல்லை. வயிற்றுவலிதான் முதல் அறிகுறி. அடுத்து இமை சரியும். பையனை மேலே பார்க்கச் சொன்னேன். இமைகள் பாதியில் நின்றன. ஒரே மூச்சில் எத்தனை எண்ண முடிகிறது என்று எண்ணச் சொன்னோம். பள்ளிக்கூடத்து ஒடியாவில் எண்ணினான்: ஏக, துயி, தினி, சாரி... பதினொன்று வரை போனான். கால் மணி கழித்து ஏழு. அதன்பின் நான்கு. மூச்சுத் தசைகள் தளர்வதை அளக்க இதைவிட நல்ல கருவி எங்களிடம் இல்லை, தேவையும் இல்லை.

அவர்களோடு அந்த ஊர் வைத்தியரும் ஜீப்பில் வந்திருந்தார். வேர் ஏதோ கொடுத்துப் பார்த்திருக்கிறார். இமை சரிந்ததைக் கண்டதும், இது என் கையில் நிற்காது, வண்டி பிடி என்று சொன்னவரும் அவரே. இறுக்கிக் கட்டவில்லை, கீறவில்லை. அவர் சொல்லியிராவிட்டால் அந்தக் குடும்பம் விடியும் வரை காத்திருக்கும். அவருக்கு நான் கைகூப்பி நன்றி சொன்னேன்.

பாம்பு எது என்று கண்ணால் பார்க்காதபோது ரத்தம் உறைகிறதா என்றும் பார்த்தாக வேண்டும். கண்ணாடி விரியன் என்றால் உறையாது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் ஆகாது. பிறகு சாய்த்துப் பார்த்தால் உறைந்திருக்கும், அல்லது தண்ணீராக ஓடும். எங்களுடையது உறைந்திருந்தது. அதற்குள் மருந்து கரைக்கும் வேலை தொடங்கிவிட்டது. பாம்புக்கடி மருந்து உலர்ந்த வெள்ளைப் பொடியாகக் குப்பியில் இருக்கும். ஒவ்வொன்றிலும் பத்து மில்லி நீர் விட்டுக் கரைக்க வேண்டும். அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துக் கட்டிப் பாதி வீணாகிவிடும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துத் திரி உருட்டுவதுபோல மெல்ல உருட்ட வேண்டும். பத்துக் குப்பி. தீதி, இரண்டு மாணவ நர்ஸ்கள், ஆயா, நான் என்று ஐந்து பேர் கட்டிலைச் சுற்றி நின்று உருட்டினோம். அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருந்தது. சிலருக்கு மருந்தே ஒவ்வாமையைக் கிளப்பும்.

உருட்டும்போதெல்லாம் எனக்கு வடநெம்மேலி நினைவுக்கு வரும். மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கிறது, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்பை இழந்த இருளர்களுக்காக 1978-ல் தொடங்கியது. பாம்பைப் பிடித்து, மண்பானையில் சில வாரம் வைத்து, சில தடவை விஷம் எடுத்து, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். இந்தியாவில் பாம்புக்கடி மருந்து செய்யும் கம்பெனிகளுக்கு விஷம் பெரும்பாலும் அங்கிருந்துதான் நீண்டகாலமாகப் போகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் சொல்லி முடியாது. அவர்கள் இனத்தார் பிடித்த பாம்பின் விஷம், ஒடிசா மலையில் ஒரு கோந்த் பையனின் நரம்பில் மருந்தாக ஏறுகிறது. இதில் மருத்துவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு கவலையும் உண்டு: ஒரே இனப் பாம்புக்கும் இடத்துக்கு இடம் விஷம் மாறும். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து எல்லாப் பகுதியிலும் ஒரே அளவு வேலை செய்வதில்லை. வெவ்வேறு மாநிலங்களிலும் இருளர்களைப்போலப் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும் என்பது என் ஆசை.

கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே சேதப்படுத்திவிடும். ஒட்டிக்கொண்ட விஷத்தை மருந்தால் பிய்த்தெடுக்க முடியாது; புதிதாக ஒட்டாமல் தடுக்கத்தான் முடியும். நரம்பு நுனி தானாகச் சீராகும் வரை நோயாளிக்குப் பதிலாக நாம் மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். நாலேகாலுக்குப் பையனுக்குக் குழாய் போட்டேன். வெண்டிலேட்டர் இல்லை, பூச்சிமருந்துப் பெண்ணை அதிலிருந்து எடுத்தால் அவள் பிழைக்க மாட்டாள்.

கோராபுட்டுக்கு மறுபடி போன் செய்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் அப்போதைக்கு இடமில்லை. இருந்திருந்தாலும், ஆம்புலன்ஸும் போயிருந்தது. அதைவிட முக்கியம், இந்தப் பையனுக்கு வேண்டியது காற்றும் பொறுமையும் மட்டும். அவை எங்களிடம் உண்டு. வைத்துக்கொண்டோம்.

தீதி தந்தையை அழைத்து ஆம்பு பேக்கைக் கையில் கொடுத்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. முதலில் நெஞ்சு பானைபோல் உப்பும்படி அமுக்கிவிட்டார். தீதி தன் கையை அவர் கைமேல் வைத்துக்கொண்டார். "நெஞ்சு கொஞ்சமா எழும்பினா போதும். அமுக்கு, விடு. ஏக, துயி, தினி. மறுபடி அமுக்கு." பத்து நிமிடத்தில் அவர் கை பழகிவிட்டது. பிறகு சித்தப்பா, அப்புறம் அந்த ஊர் வைத்தியர், அப்புறம் மறுபடி தந்தை. ஆளுக்குக் கால் மணி முறை. தீதி சுவரில் தாள் ஒட்டி முறை எழுதினார். கட்டுவிரியன் கடித்தவருக்குக் கண் திறக்க முடியாதே தவிர, நினைவு தெளிவாக இருக்கும். எல்லாம் காதில் விழும். இதை மறந்துவிட்டு அவர் பக்கத்திலேயே பிழைப்பானா மாட்டானா என்று பேசும் டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். தீதி பையன் காதருகே குனிந்து கூவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்: நீ தூங்கலை, எங்களுக்குத் தெரியும், உன் அப்பாதான் காற்று அடிக்கிறார், விடிந்துகொண்டிருக்கிறது.

காலை எட்டு மணிக்கு நான் பொறுப்பை ஒப்படைக்கும்போது மலேரியாக் குழந்தைக்கு இரண்டாவது ஆர்ட்டிசுனேட் போட்டாகியிருந்தது, தாய்ப்பால் குடித்தது. சிசேரியன் பெண்ணின் முழங்கால் துள்ளியது, சிறுநீர் நன்றாகப் போனது. அவள் பிள்ளையைக் கேட்டாள். எடை குறைந்த பிள்ளை என்பதால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். பூச்சிமருந்துப் பெண் சொந்தமாக மூச்சு விட ஆரம்பித்து, முற்பகலில் வெண்டிலேட்டர் பையனுக்கு மாறியது. அதுவரை மூன்று பேரும் ஆம்பு பேக்கைக் கீழே வைக்கவில்லை.

பைக் விபத்துப் பையனை உயிரோடு கொண்டு சேர்த்துவிட்டு ஆண் நர்ஸ் மதியம் திரும்பினார். அங்கே உடனே எடுத்து அறுவை செய்தார்கள். இரண்டாம் நாள் இறந்துவிட்டான். உடலை அமரர் ஊர்தியில் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்கு எங்கள் அலுவலகத்திலிருந்து போன் மேல் போன் போட வேண்டியிருந்தது. போட்டோம், அனுப்பியவர்களின் வேலையில் அதுவும் சேர்ந்தது. அண்ணன் பிறகு வந்து, சீட்டில் எழுதிய டாக்டர் வாசலிலேயே நின்றிருந்தார் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே நிலையில் இன்னொரு பையன் வந்தாலும் நான் அனுப்புவேன்.

பாம்பு கடித்த பையனுக்கு நான்காம் நாள் இமை தூக்கியது. அடுத்த நாள் குழாயை எடுத்தோம். தொண்டை கரகரக்க முதலில் கேட்டது சோறு. வீட்டுக்குப் போகும் அன்று தந்தையை உட்கார வைத்துத் தீதி பேசினார். பையனைக் கட்டிலில் படுக்க வை. கட்டில் இல்லையென்றால் தரையில் பாய் போட்டு, கொசுவலையின் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கு அடியில் செருகு. பாம்பும் வராது, கொசுவும் வராது. அரசு கொடுத்த வலை வீட்டில் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் ஆறு பேருக்கு இரண்டு வலை என்றார் அவர். தீதி அவர் ஊர்ப் பெயரைக் கேட்டுக்கொண்டு, அந்த ஊர் ஆஷாவுக்கு இன்னும் இரண்டு வலை வேண்டும் என்று சீட்டு எழுதி, தேதியும் போட்டு, அவர் கையில் கொடுத்தார்.